பிரேக்குக்கு எட்டு அமர்வு

படாளம் வழித்தட மினி பஸ்ஸுக்குப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. ஆகவே அதன் டிரைவர் சீனுவுக்கு மனநலச் சிகிச்சை அளிப்பது என்று முடிவானது. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

பஸ் சிறுசேரியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துடையது. காலை ஆறேகாலுக்குப் படாளத்தில் கிளம்பி, செங்கல்பட்டில் நின்று, திருப்போரூர் வழியாக இருபத்தாறு பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒன்பது வருடமாகச் சீனுதான் ஓட்டுகிறான். இருபத்தாறு பேரில் ஒருத்தி அவன் மனைவி தெய்வநாயகி. அதே அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் ஜன்னல் அவளுக்கு. வீட்டில் ஆரம்பித்த சண்டையைத் திருப்போரூர் வருவதற்குள் முடிக்க அது வசதி.

முன்பெல்லாம் செங்கல்பட்டு ஷெட்டில் ஒரு பழுது நோட்டு தொங்கும். டிரைவர் ‘பிரேக் லூஸ்’ என்று எழுதுவார். மெக்கானிக் காஜா மொய்தீன் படித்துப் பார்த்துச் சரிசெய்து, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். இதில் நவீனமாக எதுவும் இல்லை என்பதை நிறுவனம் கண்டுகொண்டது. ‘மகிழ்ச்சியான டிரைவர், பாதுகாப்பான பயணம்’ என்று ஒரு திட்டம் வந்தது. நோட்டு போயிற்று. நோட்டு தொங்கிய ஆணியிலேயே ஒரு டேப்லெட்டை மாட்டினார்கள். அதில் ஐந்து முகங்கள் தெரியும். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம், கோப முகம், கண் பிதுங்கிய முகம். டிரைவர் தன் மனநிலைக்கு ஏற்ற முகத்தைத் தொட வேண்டும். தொட்டால்தான் சாவிப்பெட்டி திறக்கும்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு மூன்று தரம் மிதித்தால்தான் பிடித்தது. மறுநாள் காலை சீனு டேப்லெட் முன்னால் நின்றான். பிரேக்குக்கு அதில் முகம் இல்லை. இருப்பவற்றில் பிரேக் பிடிக்காத பஸ்ஸுக்கு மிக நெருங்கிய உறவு கண் பிதுங்கிய முகம்தான் என்று அவனுக்குத் தோன்றியது. தொட்டான். சாவிப்பெட்டி திறக்கவில்லை. டேப்லெட் நீல நிறமாகி, ‘உங்கள் பயத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி. நீங்கள் தனியாக இல்லை’ என்றது.

உண்மையிலேயே தனியாக இல்லை. காஜா மொய்தீன் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

“பாய், பிரேக் புடிக்கல. இன்னான்னு பாரு.”

“பாக்காமலே சொல்றேன் நைனா. மாஸ்டர் சிலிண்டர்ல வாஷர் பூட்ச்சு, ஆயில் லீக்காவுது. அர நாள் வேல. ஆனா டேப்லெட்டு ‘வண்டி’ன்னு புகார் நம்பர் குடுக்காம நான் ஸ்பேனரத் தொட்டா என்னைத் தூக்கிடுவானுங்க. உனக்கு ‘ஆளு’ன்னு நம்பர் வந்துகீது. பேஜாருதான்.”

போக்குவரத்து மேலாளரிடம் ஓடினான். அவர் சட்டம் தெரிந்தவர். “சீனு, நீ பயம்னு பதிவு பண்ணிட்ட. இனிமே அது பயம்தான். பிரேக்னு மாத்தணும்னா மனநல மையத்து டாக்டர் எழுதிக் கொடுக்கணும். எட்டு அமர்வு இருக்கு. முடிச்சு சர்டிஃபிகேட் கொண்டா. அதுவரைக்கும் மாத்து டிரைவர் ஓட்டட்டும்.”

மாற்று டிரைவர் விவரமானவன். கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கும் முகத்தைத் தொட்டுச் சாவியை எடுத்துக்கொண்டான். தெய்வநாயகி வழக்கம்போல முதல் ஜன்னலில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏறாதடி. பிரேக் இல்ல” என்றான் சீனு.

“உனக்கும் வேல தொங்கலு, எனக்கும் வேல பூட்டா சோத்துக்கு இன்னா பண்றது? நீ போயி அந்த கவுன்சிலிங்க சுருக்கா முடிச்சிகினு வா. ஆடிக் கிருத்திகைக்குள்ள வண்டி ரெடியாவணும். அன்னிக்குத் திருப்போரூரு ரோட்ல காவடி எத்தினி வரும்னு தெரியுமில்ல?”

தெரியும். அன்றைக்கு ரோடு முழுக்கத் தலைதான். பால்குடம் எடுப்பவர்கள் முன்னால் பஸ் வருகிறதா, லாரி வருகிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். அவர்கள் முருகனை நம்பி நடப்பார்கள், முருகன் டிரைவரை நம்பியிருப்பார். கிருத்திகைக்கு இருபது நாள் இருந்தது. ஒரு பிரேக் ஆயில் பாட்டிலை வாங்கி மாற்று டிரைவரிடம் கொடுத்து, தினமும் காலையில் ஊற்றச் சொன்னான். பிறகு மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினான்.

மனநல மையம் கடலைப் பார்த்து இருந்தது. உள்ளே ஐந்து அறைகள், ஐந்து நிபுணர்கள், ஐந்து சிகிச்சை முறைகள். எதிர் அறையில் இருப்பவருக்குத் தொழில் தெரியாது என்பதில் மட்டும் ஐவருக்கும் ஒரே கருத்து.

முதல் அறை இயக்குநர் டாக்டர் லக்ஷ்மிநாராயணனுடையது. மனத்தின் அடியாழத்தைத் தோண்டுபவர். சீனுவைச் சாய்வு மெத்தையில் படுக்கவைத்துவிட்டு, அவன் கண்ணுக்குத் தெரியாதபடி தலைமாட்டில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்ற வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் சீனு காலை மட்டும் மெத்தைக்கு வெளியே நீட்டிக்கொண்டு படுத்தான்.

“நான் ஒரு வார்த்தை சொல்வேன். மனசுல எது வருதோ, தணிக்கை பண்ணாம சொல்லுங்க. பிரேக்.”

“ஆயில் சார்.”

“ஆயில்.”

“லீக்கு.”

“லீக்.”

“காஜா பாய்.”

டாக்டர் எழுதிக்கொண்டார். “உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க.”

“அவரு படாளம் ரயில்வே கேட்ல கேட் கீப்பர் சார்.”

தலைமாட்டில் பேனா கீழே விழுந்த சத்தம் கேட்டது. இருபத்தெட்டு வருட அனுபவத்தில் டாக்டருக்கு இப்படி ஓர் அப்பா வாய்த்ததில்லை.

“கேட் கீப்பர்! ஊரையே நிறுத்தினவர். உங்களையும் நிறுத்தியிருக்கார். இன்னிக்கு உங்க காலடியில இருக்கறது பிரேக் இல்ல சீனு, உங்க அப்பா. அவரைத்தான் மிதிக்கறீங்க. அவர் பிடிக்க மாட்டேங்கறார்.”

“அய்யோ சார், அவர மிதிக்கிறதா? நல்ல மன்சன் சார். வண்டில ஆயிலு...”

“மறுக்கறீங்க. நல்லது. மறுக்கறதுதான் ஒப்புதலோட முதல் படி.”

“அப்ப ஆமான்னு சொன்னா?”

“அதுவும் ஒப்புதல்தான்.”

வேண்டுமானால் ஷெட்டுக்கு வந்து பெடலை ஒருமுறை மிதித்துப் பார்க்கும்படி சீனு கெஞ்சினான். டாக்டர் பெருந்தன்மையோடு சிரித்தார். “பாருங்க சீனு, வெளியுலகத்துல பிரேக்னு ஒண்ணு இருக்கா இல்லையாங்கறது என் துறை இல்ல. பிரேக்கோட உங்களுக்கு இருக்கற உறவுதான் என் துறை. வெளியுலகத்தை நாங்க பார்க்க ஆரம்பிச்சா இந்த மையத்தையே மூட வேண்டியதுதான்.” அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

இரண்டாவது, மூன்றாவது அமர்வுகள் ஹரிப்ரியாவிடம். எண்ணத்தைத் திருத்தினால் எல்லாம் திருந்தும் என்பது அவள் முறை. இளம் வயது, ஒரு கணக்கு டீச்சரின் சுறுசுறுப்பு. ஐந்து கட்டம் போட்ட தாளை நீட்டினாள். நடந்தது என்ன, தானாக வந்த எண்ணம் என்ன, அதற்குச் சான்று, எதிர்ச்சான்று, திருத்திய எண்ணம்.

அப்பா பேச்சு இல்லை, சான்று கேட்கிறாள். சீனுவுக்கு உயிர் வந்தது. அடுத்த அமர்வுக்கு, பஸ்ஸுக்கு அடியில் ஒரு ராத்திரி போட்டுவைத்த அட்டையைச் சுருட்டிக்கொண்டு போனான். அட்டையில் பெரிய ஆயில் கறை. விரித்து மேஜைமேல் வைத்தான்.

“இன்னா மேடம், இதவிட சான்று வேணுமா?”

ஹரிப்ரியா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். “சீனு சார், சான்றைக் கட்டத்துக்குள்ள எழுதணும். இப்படிக் கொண்டுவரக் கூடாது. சரி, எதிர்ச்சான்று பார்ப்போம். இதுவரைக்கும் பஸ் யார்மேலயாவது மோதியிருக்கா?”

“இன்னும் இல்ல மேடம்.”

“‘இன்னும்’ங்கறதை எடுத்துடலாம். அது பேரழிவுச் சிந்தனை. ஒன்பது வருஷத்துல விபத்து?”

“பிரேக் இருந்திச்சே, அதனால இல்ல.”

“விபத்து இல்லை” என்று அவள் எழுதினாள். திருத்திய எண்ணம் தயாரானது: ‘பிரேக் சில சமயம் பிடிக்காமல் போகலாம், ஆனால் பெரும்பாலும் நான் அதைச் சமாளித்துக்கொள்வேன்.’ அதைத் தினம் இருபது தடவை எழுதிவர வேண்டும். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேஜையைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் சீனு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது தெய்வநாயகி வந்தாள். எட்டிப் பார்த்துப் படித்தாள்.

“பெரும்பாலுமா? யோவ், இன்னிக்கு மானாம்பதி திருப்பத்துல நாலு மிதி மிதிச்சான்யா. டிரைவர் சீட்டுக் கம்பில என் மூஞ்சி இடிச்சிகிச்சு. இத்தப் பாரு.” கன்னத்தில் கன்றிப்போயிருந்தது. சீனு நோட்டை மூடிவைத்தான்.

நான்காவது அமர்வு மோசஸ். சாந்தமே உருவானவர். அறிவுரை சொல்ல மாட்டார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். வந்தவர் சொல்வதை நிபந்தனையில்லாத அன்போடு கேட்டு, அதையே திருப்பிச் சொல்வார்.

“சார், பிரேக் புடிக்கல.”

“பிரேக் பிடிக்கலைன்னு உணர்றீங்க.”

“உணர்றது இல்ல சார், புடிக்கல.”

“உணர்வா இல்லாம, நிஜமாவே பிடிக்கலைன்னு உணர்றீங்க.”

“என் பொஞ்சாதிக்கு மூஞ்சில அடி பட்டுகீது சார்.”

“அது உங்களுக்கு ரொம்ப வலிக்குது.”

“ஆமா சார்.”

“ஆமா” என்றார் மோசஸ். அவர் கண் கலங்கியிருந்தது. நாற்பத்தைந்து நிமிடம் இப்படியே போயிற்று. வெளியே வந்தபோது சீனுவுக்கு அந்த மனிதர்மேல் நிஜமாகவே பிரியம் உண்டாகியிருந்தது. பஸ் மட்டும் அப்படியே இருந்தது.

ஐந்தாவது ஹெலன். அவள் அறையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கிடந்தன. மனத்தை அழுத்துவது எதுவோ அதைக் காலி நாற்காலியில் உட்காரவைத்துப் பேச வேண்டும். பிறகு அந்த நாற்காலிக்கு மாறி, அதுவாகவே பதில் சொல்ல வேண்டும்.

“யாரை உட்கார வைக்கப் போறீங்க?”

“பிரேக்க.”

“அற்புதம். பேசுங்க.”

சீனு காலி நாற்காலியைப் பார்த்தான். முதலில் வெட்கமாக இருந்தது. “இன்னாப்பா... ஏம்ப்பா இப்படிப் பண்ற?” என்றான்.

“இப்ப அந்த நாற்காலிக்குப் போங்க. நீங்கதான் பிரேக்.”

எழுந்து மாறி உட்கார்ந்தான். பிறகு அவனை அறியாமல் குரல் உயர்ந்தது. “ஏன்டா, என்னைய கேக்குற? எனக்கு வாஷர் பூட்ச்சுன்னு ஊருக்கே தெரியும். இருவத்தாறு பேரு உசுரு என் தலைமேல கீது. உன் பொஞ்சாதி முத ஜன்னல்ல குந்தினுகீறா. நான் எத்தினி நாளுடா தாங்குவேன்? ஒருத்தன் குனிஞ்சி பாக்கல. என்னைப் பாக்காம உன்னைய பாத்துகினு கீறானுங்களே, இது நாயமா?” சொல்லி முடித்ததும் அழுதுவிட்டான்.

ஹெலன் கை தட்டினாள். “இவ்வளவு உண்மையா ஒரு பிரேக் பேசி நான் கேட்டதே இல்ல.”

“அப்ப காஜா பாய்க்கு ஒரு லெட்டர் தாங்க மேடம்.”

“லெட்டரா? எதுக்கு? பேசிட்டீங்கல்ல, அதுதான் தீர்வு” என்றாள்.

ஆறாவது அமர்வில் நிதின் வந்தான். மற்ற நால்வரும் வாய்ச்சொல்லில் வீரர்கள், தான் செயல்வீரன் என்பது அவன் எண்ணம். பயத்துக்கு ஏணி போடுவான். முதல் படியில் பிரேக் படத்தைப் பார்ப்பது, இரண்டாவதில் நின்ற பஸ்ஸில் உட்காருவது, இப்படி ஏழு படி. சீனு ஆறு படியை ஒரே மத்தியானத்தில் ஏறினான். எந்தப் படியிலும் அவனுக்குப் பயம் வரவில்லை. நின்ற பஸ்ஸைப் பார்த்து எவன் பயப்படுவான்?

“ஏழாவது படி நிஜ ரோடு. இறக்கத்துல ஓட்டணும். பயம் உச்சத்துக்குப் போய்த் தானா இறங்குறவரைக்கும் நீங்க இறங்கக் கூடாது. தப்பிச்சா பயம் ஜெயிச்சிடும். அளவெடுக்க நாங்க அஞ்சு பேரும் கூடவே வருவோம். சர்டிஃபிகேட்டுக்கு எல்லார் கையெழுத்தும் வேணும்.”

சீனு அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். “அஞ்சு பேருமா சார்? வோணாம் சார். புள்ளகுட்டிக்காரங்க.”

“பாத்தீங்களா, உங்க பயத்தை எங்க மேல ஏத்தறீங்க.”

ஏழாவது அமர்வு, கிருத்திகைக்கு மூன்று நாள் முந்தைய ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை என்பதால் பஸ் காலியாக இருந்தது. சிகிச்சைக்கென்று மேலாளர் அன்றைக்கு மட்டும் சீனுவிடம் சாவி கொடுத்திருந்தார். மையத்து வாசலில் ஐவரும் சுற்றுலாவுக்குப் போகிறவர்களைப் போல ஏறினார்கள். சீனு பானெட்டைத் திறந்து பாட்டிலைச் சாய்க்கப்போனபோது நிதின் ஓடிவந்தான்.

“இது என்ன?”

“பிரேக் ஆயில் சார். தெனம் ஊத்திகினு கீறோம்.”

“இதுதான் பாதுகாப்பு நடத்தை! இது இருக்கறவரைக்கும் உங்க பயம் போகவே போகாது.” பாட்டிலைப் பிடுங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். “ஹேண்ட் பிரேக்லயும் கை வைக்கக் கூடாது. அதுவும் ஊன்றுகோல்தான்.”

சீனு ஒரு நிமிடம் யோசித்தான். மாட்டேன் என்று இறங்கினால் சர்டிஃபிகேட் கிடையாது. சர்டிஃபிகேட் இல்லையென்றால் கிருத்திகை அன்று பஸ் இப்படியேதான் திருப்போரூருக்குள் நுழையும், முதல் ஜன்னலில் தெய்வநாயகி இருப்பாள். படாளத்துப் பிடாரியை வேண்டிக்கொண்டு, இரண்டாவது கியரில் நகர்ந்தான்.

நெம்மேலியில் திரும்பித் திருப்போரூர் ரோட்டில் ஏறியாயிற்று. கடல் காற்று. மோசஸ் கண்ணை மூடி ரசித்தார். கால்வாய்ப் பாலத்தின் உச்சியில் நிதின், “வேகம் கூட்டுங்க. பயம் பத்துக்கு எவ்வளவு?” என்றான்.

“பத்து சார்.”

“அருமை. விடுங்க.”

பாலத்தின் அடியில் ஓர் ஆட்டு மந்தை நிதானமாக ரோட்டைக் கடக்க ஆரம்பித்தது. சீனு மிதித்தான். பெடல் தரை வரை போயிற்று. மறுபடி மிதித்தான். மறுபடி தரைதான்.

“பிரேக்கப் போடுப்பா!” என்று கத்தினார் டாக்டர் லக்ஷ்மிநாராயணன்.

“போட்டுகினுதான் சார் கீறேன். புடிக்கல!”

“புடிக்கலையா? என்னய்யா சொல்ற, நிஜமாவா?”

“பதினேழு நாளா அத்தத்தான சார் சொல்லிகினு கீறேன்!”

ஹெலன் முன்சீட்டைக் கட்டிக்கொண்டாள். ஹரிப்ரியா, “செத்தோம், எல்லாரும் செத்தோம்” என்றாள். எதிர்ச்சான்று எதுவும் அவள் தேடவில்லை. மோசஸ் முதல் முறையாக யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: “என்னை இறக்கிவிடுய்யா!” “ஹேண்ட் பிரேக்க இழுய்யா!” என்று அலறியவன் நிதின்.

சீனு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. கியரை முதலுக்குத் தள்ளினான், ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தான், ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தான். வீடு கட்ட யாரோ கொட்டிவைத்திருந்த மணல்மேட்டில் பஸ் மூக்கைச் சொருகி நின்றது. ஆடுகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டரின் ஒரு செருப்பு மட்டும் டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்தது.

விதி என்று ஒன்று இருக்கிறதே. பஸ்ஸில் போனவர்கள் சம்பவத்துக்குப் பிறகு டேப்லெட்டில் முகம் பதிய வேண்டும். பஸ்ஸைக் கட்டி இழுத்துச் செங்கல்பட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்ததும், ஐவரும் வரிசையாக நின்று கண் பிதுங்கிய முகத்தைத் தொட்டார்கள். ஐந்து முறையும் அது நன்றி சொன்னது. பிறகு ஐவருக்கும் தலா எட்டு அமர்வு விதித்தது. தன்னைத் தானே சிகிச்சை செய்துகொள்ள முடியாது என்பதால், யாரிடம் போக வேண்டும் என்றும் அதுவே ஒதுக்கியது. டாக்டருக்கு ஹரிப்ரியா. ஹரிப்ரியாவுக்கு ஹெலன். ஹெலனுக்கு நிதின். நிதினுக்கு மோசஸ். மோசஸுக்கு டாக்டர்.

டாக்டர் சிவந்துபோனார். “நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட கட்டம் நிரப்பணுமா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல எனக்குப் பயம்னு யாரும் சொன்னதில்ல. எனக்கு வந்தது பயமே இல்ல!”

“பின்ன இன்னா சார் அது?” என்றார் காஜா மொய்தீன், பணிவாக.

“பிரேக் ஃபெயிலியர்யா! கண்ணு தெரியலையா உனக்கு?”

காஜா மொய்தீன் பேனாவைத் திறந்து நீட்டினார். “அத்தக் கொஞ்சம் லெட்டர்ல எழுதிக் குடுத்துடுங்க சார்.”

மையத்தின் முத்திரை பொறித்த தாளில் டாக்டர் எழுதினார்: ‘எங்கள் ஐவருக்கும் ஏற்பட்டது உளவியல் கோளாறு அல்ல. வாகனத்தின் பிரேக் பழுதே.’ ஐந்து கையெழுத்தும் ஐந்து நிமிடத்தில் விழுந்தன. ஐந்து முறைகளும் வரலாற்றில் முதல் முறையாக ஒத்துப்போயின. கீழே டாக்டர் ஒரு வரி சேர்த்தார்: ‘டிரைவரின் பயம் இதனுடன் தொடர்பற்றது. அவருக்கு எட்டாவது அமர்வு பாக்கி.’

டிரைவருக்கு வந்தால் பயம், டாக்டருக்கு வந்தால் பிரேக். சீனு அந்த லெட்டரை இரண்டு தடவை படித்தான். கோபம் வந்தது. ஆனால் காஜா மொய்தீன் அதற்குள் பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டிருந்தார்.

எட்டாவது அமர்வு டாக்டரிடம் சுருக்கமாக முடிந்தது.

“பயம் போயிடுச்சா சீனு?”

“போச்சு சார்.”

“எப்படின்னு நினைக்கறீங்க?”

“காஜா பாய் வாஷர் மாத்துனாரு சார்.”

‘தந்தையை மன்னித்துவிட்டார். சிகிச்சை வெற்றி’ என்று டாக்டர் எழுதினார். மையத்தின் வரவேற்பறையில் சீனுவின் புகைப்படம் மாட்டப்பட்டது.

ஆடிக் கிருத்திகை அன்று காலை பஸ் திருப்போரூருக்குள் நுழைந்தது. ரோடு கொள்ளாத கூட்டம். மஞ்சள் புடவை கட்டிய ஒருத்தி பால்குடத்தோடு, எந்தப் பக்கமும் பார்க்காமல் குறுக்கே நடந்தாள். சீனு மிதித்தான். ஒரே மிதி. பஸ் நின்றது. குடத்தில் பால் தளும்பவில்லை. பின்னால் முதல் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு அவன் தோளில் ஒரு முறை அழுத்திவிட்டுப் போயிற்று. சீனு திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பான்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நல்ல மழை. வைப்பர் ஓடவில்லை. மறுநாள் காலை சீனு டேப்லெட் முன்னால் நின்றான். வைப்பருக்கு முகம் இல்லை. அழும் முகத்தின்மேல் விரல் ஒரு கணம் நின்றது. காஜா மொய்தீன் பல் குத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சீனு விரலை எடுத்துக்கொண்டு போனை எடுத்தான்.

“டாக்டர் சாரா? சீனு பேசறேன் சார். வைப்பர் ஓடல, சாயங்காலம் மழை வர்ற மாதிரி கீது. நீங்க அஞ்சு பேரும் ஒரு ரவுண்டு வர்றீங்களா?”

அரை மணி நேரத்தில் லெட்டர் வந்துவிட்டது.